உம் கொட்டுகிறவரின் அக்கா

என் வீட்டுக்காரரிடம் எதைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான். "ம்." குழாய் ஒழுகுகிறது என்றால் ம். எனக்குத் தலைவலி என்றால் ம். மாடி வீட்டுக்காரர் மறுபடியும் நம் வாசலை மறித்து வண்டியை நிறுத்திவிட்டார் என்றால் ம். கல்யாணமாகி நான்காம் வருஷம், பொறுக்க மாட்டாமல், "நான் எங்கேயாவது போயிடறேன்" என்றேன். அதற்கும் ம்தான். சொல்லிவிட்டு எழுந்து போய், என் செருப்பை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தார்.

அவர் வேலை பார்ப்பது ஊருக்கு வெளியே குன்றின் மேல் நிற்கும் ரேடியோ கோபுரத்தின் அடியில். பாடுகிறவர்களும் செய்தி வாசிக்கிறவர்களும் ஊருக்குள் ஸ்டூடியோவில் இருப்பார்கள். அவர்கள் குரலை வானத்தில் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் மட்டும் குன்றின் மேல், ஒரு நீளமான கூடத்தில், இரும்பு அலமாரிகள் மாதிரி வரிசையாக நிற்கும். என் வீட்டுக்காரர்தான் அதற்குக் காவலும் வைத்தியமும். மணிக்கு ஒரு தடவை முப்பத்தோரு மீட்டர்களையும் சுற்றி வந்து, எந்த முள் எங்கே நிற்கிறது என்று நோட்டில் எழுதுவார். தெருவில் அவருக்கு 'ஆன்டெனா' என்று பெயர். உயரமும் அப்படி, ஆடாமல் அசையாமல் நிற்பதும் அப்படி.

நான் அவருக்கு நேர் எதிர். பஸ் நிலையத்தில் விசாரணைக் கவுண்டர். காலை ஏழு மணியிலிருந்து மூன்று மணிவரை கண்ணாடியில் இருக்கும் ஓட்டை வழியாகக் கத்திக்கொண்டே இருப்பேன். வீட்டுக்கு வந்தபிறகும் அந்தச் சத்தம் இறங்குவதில்லை என்று அவருக்கு ஒரு குறை உண்டு. அதைக்கூட வாயால் சொன்னதில்லை. ஜன்னலை மட்டும் சாத்துவார்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள், இவர் அங்கே அப்படி என்னதான் செய்கிறார் என்று பார்க்கக் குன்றுக்குப் போனேன். கூடம் முழுக்க ஒரு சன்னமான ரீங்காரம். அலமாரிக் கதவுகளின் இடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல பாட்டு எங்க இருக்கு?" என்று கேட்டேன். அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்துப் போயிற்று. அரை மணி நேரம் விடாமல் பேசினார். என்னிடம் அவர் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

இந்த டிரான்ஸ்மிட்டர் வினாடிக்கு ஒன்பது லட்சம் தடவை ஏறி இறங்கும் ஓர் அலையை அனுப்பிக்கொண்டே இருக்கிறதாம். பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பாட்டுக்குப் போகும். ஊர்தி அலை என்று அதற்குப் பெயர்.

"அது என்ன சொல்லுது?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லாது. மாறாம ஒரே மாதிரி இருக்கிற எதுவும் எதையும் சொல்ல முடியாது. அதுல ஏதாவது ஒண்ணை மாத்தினாத்தான் சேதி."

"எதை மாத்துவீங்க?"

"இங்க உயரத்தை. குரல் எப்படி ஏறி இறங்குதோ, அலையோட உயரத்தையும் அப்படியே ஏத்தி இறக்குவோம். வீட்டுல இருக்கிற ரேடியோ அந்த ஏத்த இறக்கத்தை மட்டும் பிரிச்சு எடுத்துக்கிட்டு அலையைத் தூக்கிப் போட்டுடும். இதுக்குப் பேரு பண்பேற்றம்."

"பண்பு ஏத்தறதா? அப்போ எங்க டிப்போ மேனேஜரை ஒரு நாள் அழைச்சுட்டு வர்றேன். கொஞ்சம் ஏத்தி விடுங்க."

அவர் சிரித்தார். சத்தம் போட்டுச் சிரித்தார். இந்த ஆளிடம் இப்படி ஒரு சிரிப்பு இருக்கிறதா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மூன்று வருஷம் கழித்து அதே கூடத்தில் எஃப்.எம். வந்தது. முதல் நாள் புது டிரான்ஸ்மிட்டரின் முன்னால் நின்றவர், முள்ளையே பார்த்திருக்கிறார். பழைய பெட்டியில் யாராவது பேசினால் முள் துடிக்கும். புதுப் பெட்டியின் முள் ஆணி அடித்த மாதிரி நின்றது. பதறிப்போய் ஸ்டூடியோவுக்குப் போன் போட்டு, "நிகழ்ச்சி வரலை, வெறும் அலைதான் போகுது" என்று சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் ஊரே நாடகம் கேட்டுக்கொண்டிருந்தது. எஃப்.எம்.மில் அலையின் உயரம் மாறாது, வினாடிக்கு எத்தனை தடவை என்ற எண்ணிக்கைதான் கூடிக் குறையும் என்பது அவருக்குப் பாடமாகத் தெரியும். ஆனால் கண் பழைய முள்ளுக்குப் பழகிவிட்டது. அதற்கப்புறம் பல வருஷம், போனை எடுத்தவுடனே ஸ்டூடியோக்காரர்கள், "என்ன சார், முள் ஆடுதா?" என்றுதான் ஆரம்பித்தார்கள்.

எனக்கு இந்த இரண்டு வகையும் எங்கள் பஸ் நிலையத்தை வைத்துத்தான் புரிந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்று ஒரே சீராக வந்துகொண்டிருந்தால் யாருக்கும் எந்தச் சேதியும் இல்லை. வருகிற பஸ்ஸில் திடீரென்று கூட்டம் பிதுங்கினால் ஊரில் எங்கேயோ ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். அது உயரம். கூட்டம் அதேதான், ஆனால் பஸ்கள் நெருக்கி நெருக்கி வருகின்றன, இல்லை இடைவெளி விடுகின்றன என்றால் பாதையில் ஏதோ நடக்கிறது. அது எண்ணிக்கை. பஸ்ஸுக்குள் தலையை எண்ணிக்கொண்டிருக்கிற ஆளுக்கு, இடைவெளி சொல்லும் சேதி ஒருநாளும் தெரியாது. இதைச் சொன்னபோது அவர் என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, ம் என்றார். நல்ல ம் அது.

இனி அவருடைய அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு நாத்தனார், அண்ணி என்று கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், ஆனால் அதற்கு வேலையே இல்லை. அவர் குரலே மைதானத்தின் அந்தக் கோடிவரை போகும். அம்மா வயிற்றிலேயே தம்பியின் பங்குப் பேச்சையும் சேர்த்து இவர் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் என்று நான் கிண்டல் செய்வேன். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார். ஐம்பத்தாறு வயதிலும் இடுப்புக்குக் கீழே தொங்கும் ஒற்றைப் பின்னல். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஓட்டப் பந்தயம் நடத்தும்போது அதைச் சுருட்டி உச்சியில் கொண்டையாக முடிந்துகொண்டு, பிள்ளைகளோடு தானும் ஓடுவார்.

ஒரு காலையில் அந்த மைதானத்திலேயே சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்த அடைப்பு. வலது கையும் காலும் போயிற்று, பேச்சும் போயிற்று. ஏழாவது நாள், மூடிய உதட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. "ம்." வாரங்கள் போயும் அதற்குமேல் எதுவும் வரவில்லை. உயிரெழுத்து ஒன்றுகூட ஒட்டாத வெறும் மெய். அக்காவுக்கும் தம்பிக்கும் இப்போதுதான் ஒரே பாஷை என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

ஆறாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, பேச்சுப் பயிற்சி டாக்டர் வந்தார். என்னைவிட வயதில் சிறியவர், கண்டிப்பானவர், பேனாவை நாடா போட்டுக் கழுத்தில் மாட்டியிருப்பார். பத்துப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, "இது கரண்டியா?", "இது கதவா?" என்று கேட்டார். அண்ணி பத்துக்கும் ம் என்றார். அதில் ஐந்து படங்கள் கேள்வியோடு பொருந்தாதவை. தலையை ஆட்டச் சொன்னால் தலை வேறு பக்கம் போயிற்று. இடது கையால் காட்டச் சொன்னால் கை தன் இஷ்டத்துக்கு எதையோ தொட்டது. கண்ணைச் சிமிட்டச் சொன்னால் சிமிட்டிக்கொண்டே இருந்தார்.

டாக்டர் எங்களைத் தனியாக அழைத்து உள்ளதைச் சொன்னார்.

"இவங்களுக்கு நாம பேசறது புரியுதுன்னு தெரிஞ்சா, இங்கேயே பயிற்சிப் பிரிவுல சேர்த்துக்குவோம். நாலஞ்சு மாசத்துல வீட்டுக்குப் போற அளவுக்குக் கொண்டு வரப் பார்க்கலாம். புரியலைன்னா பயிற்சி கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. நீண்ட நாள் பராமரிப்பு இல்லத்துக்கு எழுதிடுவோம். அங்க குளிப்பாட்டி, ஊட்டி, பத்திரமா பார்த்துப்பாங்க. அவ்வளவுதான். இன்னும் ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவை கேட்பேன். பத்துக்கு ஒன்பது சரியா இருக்கணும். ஆமா, இல்லைன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னாலே அஞ்சு வந்துடும், அதனாலதான்."

பராமரிப்பு இல்லம் ஆறு மணி நேரப் பயணத்தில் இருந்தது. மைதானமெல்லாம் கேட்கக் கத்திய அண்ணி அங்கே சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இவரோ வழக்கம்போல ம் என்றார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, ஒரு சின்ன ரிக்கார்டரும் சத்தத்தை அளக்கும் ஒரு மீட்டரும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அக்காவுக்குப் புரிகிறது, பதிலும் சொல்கிறாள், நமக்குத்தான் பிரித்தெடுக்கத் தெரியவில்லை என்பது அவர் கட்சி. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பதில் தெரிந்த கேள்விகளாகக் கேட்டார். "நீ டீச்சரா?" "எனக்கு நீ தங்கச்சியா?" ஒவ்வொரு ம்முக்கும் முள் எங்கே போனது என்று நோட்டில் எழுதினார். முதல் நாள் முடிவில் அவர் முகத்தில் வெளிச்சம். பலமான ம் என்றால் ஆமாம், மெல்லிய ம் என்றால் இல்லை. பத்துக்கு எட்டு பொருந்துகிறது என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் அந்த முகத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

ஏழாவது நாள் நான் கவுண்டரிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் வேறு யாரோ படுத்திருப்பது போல இருந்தது. அண்ணியின் தலைமுடி காதோரம் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. பின்னல் ஒரு காகிதப் பையில் சுருண்டு கிடந்தது.

"யார் வெட்டச் சொன்னது?" என்றேன். என் குரல் கண்ணாடி இல்லாத கவுண்டரில் கேட்பது மாதிரி வார்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

"படுத்தே இருக்கிறதால சிக்கு விழுதுன்னு நர்ஸ் சொன்னாங்க. அக்காகிட்ட கேட்டேன். முள் கடைசிவரைக்கும் போச்சு. இவ்வளவு பலமா ஒரு ஆமா இதுவரைக்கும் வந்ததே இல்லை" என்றார் அவர். நோட்டை நீட்டிக் காட்டினார்.

அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். அன்றும் மறுநாளும் ம்கூடச் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் தெரிந்தது, அந்த முள் கணக்கே தப்பு என்று. கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கி உட்கார வைத்துக் கேட்டால் மூச்சு தாராளமாக வந்து எல்லாமே பலமான ம், படுக்க வைத்துக் கேட்டால் எல்லாமே மெல்லிய ம். அன்று முடி வெட்டக் கேட்டபோது நர்ஸ் அவரை நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் நோட்டை மூடிவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கோபம் போய், பாவமாக இருந்தது. போன கோபம் வீட்டுக்கு வந்ததும் திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறையில், கொட்டித் தீர்த்தேன்.

"சொல்றதைக் கேளுங்க. டாக்டர் சொல்றதுதான் சரி. அண்ணிக்கு ஒண்ணும் புரியலை. புரியாதவங்களை உட்கார வச்சு, முள்ளைப் பார்த்து, முடியை வெட்டி... போதும். விட்டுடுங்க."

"ம்" என்றார்.

"நம்பலைன்னா நம்பலைன்னு வாயைத் திறந்து சொல்லுங்களேன். அதுக்கு எதுக்கு ஒரு ம்?"

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நான் நம்பலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"இதென்ன கேள்வி? நீங்கதானே சொன்னீங்க."

"நான் ம்னுதான் சொன்னேன்."

"அந்த ம்தான்."

அவர் எழுந்து போய் மீட்டரை எடுத்துவந்து, காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். "ஏதாவது கேளு. எப்பவும் கேட்கிற மாதிரி. நான் ம்னு மட்டும் சொல்றேன். என்ன அர்த்தம்னு நீ சொல்லு."

பைத்தியக்காரத்தனமாக இருந்தது. இருந்தாலும் கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் காபி வேணுமா?"

"ம்."

"வேணும்."

"மாடி வீட்டுக்காரர் நேத்து மன்னிப்புக் கேட்டாரு, தெரியுமா?"

"ம்."

"பொய் சொல்றேன்னு நினைக்கிறீங்க."

"ம்."

"இப்ப ஆமாங்கறீங்க. சரி, என் தங்கச்சி ஒரு வாரம் இங்க வந்து தங்கட்டுமா?"

"ம்."

"வேண்டாம். அதானே பார்த்தேன். இருக்கட்டும், இதை அவகிட்ட சொல்றேன்."

அவர் என் தங்கச்சியைக் கவனிக்கவே இல்லை. மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு ம்முக்கும் முள் ஒரே இடத்துக்குத்தான் போயிருந்தது.

"சத்தம் ஒண்ணுதான். அப்புறம் எதை வச்சுக் கண்டுபிடிக்கிறே?"

எனக்கும் அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிற வேலை, எப்படிச் செய்கிறேன் என்று யோசித்ததே இல்லை. வாயால் சொல்லிப் பார்த்தேன். "ஆமான்னா அது சறுக்கி இறங்கும். வேண்டாம்னா கடைசில மேல போய் நிக்கும். நம்பலைன்னா நடுவுல ஒரு வளைவு."

அவர் நாற்காலியில் சாய்ந்து இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டார். "மறுபடியும் முள்ளைப் பார்த்துட்டேன்" என்றார். "பஸ்ஸுக்குள்ள தலையை எண்ணிட்டு இருந்துட்டேன்."

அன்றே ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு குன்றுக்குப் போனோம். எத்தனை தடவை அதிர்கிறது என்று எண்ணிச் சொல்லும் கருவி அங்கே இருந்தது. எட்டு நாளில் பதிவான அறுபத்திரண்டு ம்களையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டார். அண்ணியின் ம் வினாடிக்கு ஏறக்குறைய இருநூறு அதிர்வில் தொடங்கியது. நீ டீச்சரா என்றதற்கு நூற்று எழுபதுக்கு இறங்கியது. எனக்கு நீ தங்கச்சியா என்றதற்கு இருநூற்று நாற்பதுக்கு ஏறியது. அண்ணி சொல்ல நினைத்தது 'ம்ஹும்' ஆக இருக்கும், நடுவில் இருக்கும் 'ஹு'வுக்கு மூச்சு இல்லை, அந்த ஏற்றம் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கரகரத்த குரல், சின்ன ஏற்றம், வார்டில் எப்போதும் இரைச்சல். நாங்களோ பாதி அசையாத அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். நானாவது காதைக் கொடுத்திருக்கலாம். போகும்போதெல்லாம் அண்ணிக்கும் சேர்த்து நானே பேசிவிட்டு வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அறுபத்திரண்டில் ஐம்பத்தேழு பொருந்தியது. அண்ணி இத்தனை நாளும் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், கேட்க ஒரு காதும் இல்லை.

கடைசிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த அந்தப் பதிவு வந்தது. "அக்கா, முடியை வெட்டிடலாமா?" என்று என் வீட்டுக்காரரின் குரல். பிறகு, "ம்." கருவி இருநூற்று எண்பதைக் காட்டியது. மற்ற எந்த ம்மும் அவ்வளவு உயரம் போகவில்லை. எனக்குக் கருவியே வேண்டியிருக்கவில்லை. வேண்டாம் என்று, அண்ணி தன்னால் முடிந்த அளவு கத்தியிருக்கிறார். என் வீட்டுக்காரர் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்தக் கூடத்தில் அலமாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டு அவர் அழுதார்.

வியாழக்கிழமை எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க அவங்க சொந்தக்காரங்க. உங்களுக்கு வேண்டிய பதிலை நீங்களே கேட்டுப்பீங்க" என்றார். நியாயம்தான். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஒண்ணு செய்யலாம். நீங்க சுவரைப் பார்த்து உட்காருங்க" என்றார் என்னிடம். "நான் என்ன படம் காட்டறேன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது. அவங்க சொல்றதைக் கேட்டு ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் இதற்கு லாயக்கில்லை. மீட்டர் இல்லாமல் அவருக்கு ஒரு ம்மும் இன்னொரு ம்மும் ஒன்றுதான். உம் கொட்டுகிறவர்களுக்குத் தங்கள் உம் கேட்பதில்லை போலும். அவர் கட்டிலின் கால் பக்கம் நின்றார். கதவோரம் வார்டு ஊழியர் ஒருவர் நின்றார். நான் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புச் சிலிண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

"இது நாற்காலியா?"

"ம்." இறங்கியது.

"ஆமா" என்றேன்.

"இது சாவியா?"

"ம்." ஏறியது.

"இல்லை."

பின்னால் பேனா தாளில் கீறும் சத்தம் கேட்டது. சரியா தப்பா என்று யாரும் சொல்லவில்லை. ஐந்தாவது கேள்விக்கு அண்ணி ம் சொன்ன அதே நொடியில் வெளியே தள்ளுவண்டி ஒன்று தடதடவென்று போனது. எதுவும் கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்கச் சொன்னேன். "ஒரு கேள்வி ஒரு தடவைதான்" என்றார் டாக்டர். குத்துமதிப்பாக ஆமா என்றேன். பேனாச் சத்தம் கொஞ்சம் நீளமாக இருந்தது. தப்பு என்று புரிந்தது. இனி ஒன்றுகூடத் தவறக் கூடாது.

ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. சிலிண்டரில் எழுதியிருந்த எழுத்தெல்லாம் என் கண்ணில் கலங்கியது. காதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"கடைசிக் கேள்வி. இவர் உங்க தம்பியா?"

"ம்."

ஏறியது. சந்தேகமே இல்லாமல் ஏறியது. டாக்டர் கெட்டிக்காரர், ஊழியரைக் காட்டிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "இல்லை" என்றேன், அழுத்தமாக.

நான் திரும்பினேன். டாக்டரின் விரல் என் வீட்டுக்காரரைக் காட்டிக்கொண்டிருந்தது.

"எட்டு" என்றார் டாக்டர். வருத்தமாகத்தான் சொன்னார். "ரொம்ப நல்ல முயற்சி. ஆனா கூடப்பிறந்தவரையே தெரியலைன்னா..."

பேனா மூடியை அவர் மூடப் போனபோது, என் வீட்டுக்காரர் கட்டிலின் தலைமாட்டுக்கு வந்தார். வார்டில் அத்தனை பேர் முன்னால், குனிந்து, கேட்டார்.

"அக்கா, முடி வெட்டினதுக்கா?"

"ம்." சறுக்கி இறங்கியது. அடிவரைக்கும் இறங்கியது.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ஆமாங்கறாங்க டாக்டர். கோபம். தம்பியே இல்லைங்கறாங்க" என்றேன்.

டாக்டர் பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தார். "நீங்க பேசாம இருங்க" என்று என்னை அடக்கிவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "முடியை வெட்டச் சொன்னது நானா?"

"ம்." ஏறியது.

"உங்க தம்பி பெண்டாட்டியா?"

"ம்." ஏறியது. அதற்கு நான் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

"அப்போ இவரா?"

"ம்."

இந்தத் தடவை என் உதவி தேவைப்படவில்லை. டாக்டரின் தலையும் அந்த ம்மோடு சேர்ந்து கீழே இறங்கியது. பத்தாவது கட்டத்தில் போட்டிருந்த பெருக்கல் குறியை அடித்துவிட்டு, பக்கத்தில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'தவறில்லை. கோபம்' என்று இருந்தது. கீழே பயிற்சிப் பிரிவு என்ற இடத்தில் ஒரு வட்டம் போட்டார்.

என் வீட்டுக்காரர் வட்டத்தைப் பார்க்கவே இல்லை. ஒட்ட வெட்டிய அந்தத் தலையில் கை வைத்து, "தப்புதான்க்கா. மன்னிச்சுடறியா?" என்றார்.

"ம்" என்றார் அண்ணி.

"இல்லைங்கறாங்க" என்றார் டாக்டர், எனக்கு முன்னால்.

மன்னிக்க மாட்டேன் என்றதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. குன்றின் மேல் அன்று சிரித்த சிரிப்பை, இருபத்திரண்டு வருஷம் கழித்து, அந்த வார்டில் மறுபடியும் கேட்டேன். அதற்கப்புறமும் அவர் தினமும் அதே கேள்வியைக் கேட்டார். முடி தோளைத் தொடுகிறவரை அண்ணியும் அதே பதிலைத்தான் சொன்னார்.